கிளவுடுக்கு மாறப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி மிகுந்த சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. அதற்கடுத்த செய்திதான் உன்னைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. பழைய ஈஆர்பியை, அதாவது கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு, இணையம் வழியாக விற்பவனின் கணினிகளில் ஓடும் கிளவுடுக்குப் போவதாக முடிவாகி, குழுவில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள். "நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும், எல்லாம் விற்பவன் கிளப்பிவிடுவதுதானே?" என்று கேட்டிருக்கிறாய். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர், ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறையும் என்று ஒரு சூத்திரம் போட்டார். அதிலிருந்து ஐம்பது வருஷம் கிடங்குகள் ஓடியது அட்டைகளை நம்பித்தான். இருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போடு, அவ்வளவே விதி. கடையில் நேரடியாக விற்கும் பொருளுக்கு இந்த விதி பொருந்தும். இன்னொரு பொருளுக்குள் போகிற உதிரிபாகத்துக்குப் பொருந்தாது. மூன்று மாதம் அசையாமல் கிடக்கும் பேரிங், ஒரு பம்ப் ஆர்டர் வந்ததும் ஒரே நாளில் காலியாகும். அந்தத் தேவையை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பதுதான் ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் 1960-களில் பிடித்த விஷயம். எம்ஆர்பி அங்கே பிறந்தது, அதாவது தேவையான பாகங்களைக் கணக்கிட்டுத் திட்டமிடும் முறை (பெட்டியில் அச்சிடும் அதிகபட்ச விலை இல்லை). ஐபிஎம்மின் டிஸ்க் இல்லாமல் அது நடந்திருக்காது. டேப்பில் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் படிக்க முடியும். ஒரு பம்ப், அதற்குள் மோட்டார், மோட்டாருக்குள் பேரிங் என்று தாவித் தாவிப் படிக்க டிஸ்க் வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், உன் குழுவில் இதைக் கையால் போட்டுப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 10-ஆம் வாரம் 500 பம்ப் கொடுக்க வேண்டும். தயாராக இருப்பது 120. ஆக 380 செய்ய வேண்டும். பூட்டுவதற்கு ஒரு வாரம், எனவே 9-ஆம் வாரத் தொடக்கத்தில் பாகங்கள் கையில் இருக்க வேண்டும். பம்புக்கு 2 பேரிங் வீதம் 760. கிடங்கில் 200, ஏற்கெனவே ஆர்டர் போட்டு வரவேண்டியது 150. குறைவது 410. சப்ளையர் நூறு நூறாகத்தான் தருவார், எனவே 500. அவருக்கு 4 வாரம் வேண்டும், ஆர்டர் 5-ஆம் வாரம் போக வேண்டும். எல்லாம் கழித்தல் பெருக்கல்தான்.

இப்போது அந்த 200 பொய் என்று வைத்துக்கொள். அலமாரியில் உண்மையில் 90தான் இருக்கிறது. குறைவது 520, நாம் வாங்கியதோ 500. 9-ஆம் வாரம் 20 பேரிங் இல்லாமல் 10 பம்ப் நிற்கும், அடுத்த பேரிங் வர 13-ஆம் வாரம் ஆகும். வாங்குகிறவனைத் திட்டுவார்கள். சிஸ்டம் சொன்னதை அவன் சரியாகத்தான் செய்தான்.

எம்ஆர்பியைப் பரப்பிய ஆலோசகர் ஆலிவர் வைட் பிற்பாடு ஒரு அளவுகோல் வைத்தார்: இருப்புப் பதிவு 95 சதவீதம், பாகப் பட்டியல், அதாவது பிஓஎம், 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். 95 கேட்க நன்றாக இருக்கிறது. 40 பாகம் உள்ள ஒரு பம்புக்கு நாற்பதின் இருப்பும் சரியாக இருக்கும் வாய்ப்பு வெறும் 13 சதவீதம், 0.95-ஐ நாற்பது முறை பெருக்கிப் பார். 99 சதவீதமாக ஏற்றினால் அதுவே 67 ஆகிறது. உன் புது சாஃப்ட்வேர் இதில் ஒரு புள்ளிகூட ஏற்றித் தராது.

எம்ஆர்பி பொருளை மட்டும் பார்த்தது. மெஷினும் ஆளும் அந்த வாரம் அந்த அளவைத் தாங்குமா என்று கேட்கவில்லை. அதைச் சேர்த்ததும் எம்ஆர்பி-2 ஆயிற்று. கூடவே பணத்தையும் சேர்த்தார்கள், திட்டம் நிதிக் கணக்காகவும் படிக்கப்பட்டது.

பணம் என்ற பக்கத்திலிருந்து இன்னொரு ஓடை வந்தது. 1972-இல் ஜெர்மனியில் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பேர் எஸ்ஏபி என்ற சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஓர் இடத்தில் பதிந்தால் அந்தப் பதிவே எல்லாக் கணக்குக்கும் போக வேண்டும், அதுவும் உடனடியாக என்பது அவர்கள் பிடித்த பிடி. அதற்கு முன் கிடங்கில் ஒரு பதிவு, அக்கவுன்ட்ஸில் இன்னொன்று, மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை. இப்போது சரக்கு வாங்கியதும் ஸ்டோர்ஸ்காரர் 'கூட்ஸ் ரிசீட்' போடுகிறார். அதே விநாடியில் இருப்பு ஏறுகிறது, லெட்ஜரில் சரக்குக் கணக்கில் பற்றும் ஜிஆர்-ஐஆர் என்ற இடைக்கணக்கில் வரவும் விழுகிறது. இன்வாய்ஸ் வந்ததும் இடைக்கணக்கில் பற்று, சப்ளையருக்கு வரவு. ஆர்டர், ரிசீட், இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் இடைக்கணக்கு பூஜ்யம். ஒத்துப்போகாவிட்டால் அங்கே பாக்கி நிற்கும். ஒரு கம்பெனியின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்பது அந்தப் பாக்கிப் பட்டியலைத்தான். பளபளக்கும் டாஷ்போர்டு அப்புறம்.

ஸ்டோர்ஸ்காரர் பதிவு நேரே லெட்ஜருக்குப் போகிறது என்றால், அவர் பிழையும் நேரே போகும். பேரிங் ஒரு பெட்டிக்கு 100, பெட்டி விலை 4000. பெட்டிக்கும் எண்ணிக்கைக்குமான மாற்று விகிதத்தை மாஸ்டரில் (பொருளின் அடிப்படை விவரப் பதிவில்) யாரோ 1 என்று விட்டுவிட்டார்கள். 12 பெட்டி வந்தது, 12 என்று பதிந்தார். சிஸ்டத்தில் 1200 பேரிங்குக்குப் பதில் 12, ஒன்றின் விலை 40-க்குப் பதில் 4000. மொத்த மதிப்பு இரண்டிலும் 48,000தான், அதனால் இன்வாய்ஸ் அழகாக ஒத்துப்போய்விடும், யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு உற்பத்திக்கு 1200 எடுத்தால் இருப்பு மைனஸ் 1188. எம்ஆர்பி பதறிப்போய் மேலும் ஆர்டர் போடச் சொல்லும். பம்பின் அடக்கவிலையில் பேரிங்குக்கு மட்டும் 8000 ஏறும். மைனஸ் இருப்பை அனுமதிக்கும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதை எடுத்துவிடு. லைன் நிற்கும் என்று கத்துவார்கள். கத்தட்டும், பிழை அன்றே தெரிந்துவிடும்.

1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இதற்கெல்லாம் சேர்த்து ஈஆர்பி என்று பெயர் வைத்தது. 1992-இல் எஸ்ஏபியின் ஆர்/3 வந்தது. மெயின்ஃப்ரேம் என்ற ஒரே பெரிய கணினியை விட்டு, திரை ஒரு கணினியிலும் நிரல் இன்னொன்றிலும் டேட்டாபேஸ் மூன்றாவதிலும் என்று பிரிந்தது. ஆரக்கிள், பீப்பிள்சாஃப்ட், பான், ஜேடி எட்வர்ட்ஸ் என்று போட்டி. 2000-ஆம் ஆண்டு தேதிக் குழப்பத்துக்குப் பயந்து உலகமே அவசரமாக வாங்கியது. அவசரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க சாக்லேட் கம்பெனி ஹெர்ஷீஸ் உதாரணம்: ஆர்/3-உடன் வேறு இரு சாஃப்ட்வேர்களையும் சேர்த்து ஒரே மூச்சில் 1999 ஜூலையில் ஓடவிட்டார்கள், அதாவது அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவியும் நேரத்தில். கிடங்கில் மிட்டாய் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் போய்ச்சேரவில்லை. கோ-லைவ் தேதியை, அதாவது புது சிஸ்டம் ஓடத் தொடங்கும் நாளைக் குறிக்கும்போது உங்கள் சீசன் எப்போது என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் நீ கேள்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் கம்பெனி லிடில். அவர்கள் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம், எஸ்ஏபியின் ரீடெயில் சாஃப்ட்வேரில் விற்பனை விலை. வழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரை வளைத்தார்கள். ஏழு வருஷம், சுமார் 50 கோடி யூரோ செலவு என்று செய்திகள் வந்தன, 2018-இல் கைவிட்டார்கள். எந்த வழக்கம் வியாபாரத்தின் உயிர், எது வெறும் பழக்கம் என்று முதல் மாதத்திலேயே பிரித்திருக்க வேண்டும்.

உன் பிரச்சினையும் இங்கேதான். ஆர்/3 காலத்திலிருந்து எல்லோரும் இஷ்டத்துக்கு எழுதித்தள்ளிய 'இசட்' புரோகிராம்கள் (கம்பெனி தனக்காகச் சேர்த்தவை, பெயர் இசட்டில் தொடங்கும்) உங்களிடமும் குவிந்திருக்கும். கிளவுடில் அப்டேட்டை நீ தள்ளிப்போட முடியாது. ஆரக்கிளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எஸ்ஏபி பப்ளிக் கிளவுடில் வருஷத்துக்கு இருமுறை வந்தே தீரும். சாஃப்ட்வேரின் உள்ளே கைவைத்து எழுதியது எதுவும் அதில் பிழைக்காது. அதனால்தான் 'க்ளீன் கோர்', அதாவது உள்ளே கைவைக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியதை வெளியே கட்டி ஏபிஐ என்ற இணைப்பு வாசல் வழியாகச் சேர்த்துக்கொள். முதல் வேலையாக ஒவ்வொரு இசட் புரோகிராமும் கடைசியாக எப்போது ஓடியது என்ற பதிவை எடு. 12 மாதம் போதாது, 14 மாதமாவது பார். ஆண்டுக் கணக்கு முடிப்பில் ஒரே ஒருமுறை ஓடுவதெல்லாம் உண்டு.

விற்பவன் சொல்வதில் நிஜமான பாதியும் உண்டு. 2015-இல் வந்த எஸ்ஏபியின் புதுத் தலைமுறை சாஃப்ட்வேர் எஸ்/4 ஹானாவில் நிதி, அடக்கவிலை, சொத்து ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த அட்டவணைகளை ஒரே ஜர்னலாக்கினார்கள். முன்பு நிதிக் கணக்கையும் அடக்கவிலைக் கணக்கையும் ஒப்பிடுவதே மாதக் கடைசியில் ஒரு வேலை. இப்போது இரண்டும் ஒரே வரி, ஒப்பிட ஒன்றுமில்லை. ராத்திரி முழுக்க ஓடிய எம்ஆர்பியைப் பகலிலேயே ஓட்டலாம். (பகலில் மூன்று முறை ஓட்டி, மூன்று முறையும் ஆர்டர் தேதியை மாற்றிச் சப்ளையரைப் பைத்தியமாக்குகிறவர்களும் உண்டு. அடுத்த இரண்டு வாரத்துத் திட்டத்தைப் பூட்டி வை.) இதைத் தவிர, நீங்கள் ஓட்டும் பழைய எஸ்ஏபி பதிப்பான ஈசிசி 6.0-க்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது, கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை. இரண்டுமே என்ஹான்ஸ்மென்ட் பேக் என்ற மேம்பாட்டுத் தொகுப்பு 6 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். உங்களுடையது எந்தப் பேக் என்று நாளைக்கே சிஸ்டத்தைப் பராமரிக்கும் பேசிஸ் ஆளிடம் கேள்.

மாறும் வாரத்தைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்கிறேன். மாஸ்டர்கள் முதலில்: லெட்ஜர் கணக்குகள், சப்ளையர், வாடிக்கையாளர், பொருள், பிறகு பிஓஎம். அதற்கப்புறம் பாக்கிகள், கடைசியில் இருப்பு. வாடிக்கையாளர் பாக்கியை ஒரே மொத்தத் தொகையாக ஏற்றாதே. இன்வாய்ஸ் வாரியாக, பழைய உரிய தேதியோடு ஏற்று, இல்லாவிட்டால் வசூல் பட்டியல் முதல் நாளே கெட்டுவிடும். 500 ஆர்டர் போட்டு 300 வந்திருந்தால் புதிதில் 200-க்கு மட்டும் ஆர்டர். பழைய எண்ணைக் குறிப்புப் புலத்தில் போடு, சப்ளையர் அந்த எண்ணோடுதான் இன்வாய்ஸ் அனுப்புவார். மிகவும் சிக்கல், சரக்கு வந்து இன்வாய்ஸ் வராத ஆர்டர்கள். இவற்றைப் பழைய சிஸ்டத்திலேயே முடிந்தவரை தீர்த்துவிடு, மிச்சத்துக்குத் தனிப் பட்டியலும் பொறுப்பாக ஒரு ஆளும் வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு தொகைக்கும் எதிர்ப்பதிவு ஒரு தற்காலிகக் கணக்கில் விழும். எல்லாம் முடிந்ததும் அது பூஜ்யமாக வேண்டும். ஒரு சின்னத் தொகை நின்றாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று கையெழுத்துப் போடாதே, பெரிய பிழைகள் இரண்டு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சின்னத் தொகையாக நிற்கும். இதை நிஜ டேட்டாவோடு மூன்று முறையாவது ஒத்திகை பார். ஒவ்வொரு படிக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வை. மூன்றாவது ஒத்திகையின் நேரம் சனி, ஞாயிறுக்குள் அடங்காவிட்டால் தேதியைத் தள்ளு. பத்து வருஷப் பழைய பதிவுகளை ஏற்றச் சொல்லி யாராவது வந்தால் சம்மதிக்காதே. பழைய சிஸ்டத்தைப் படிக்க மட்டும் திறந்து வைத்தால் போதும்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தாய். இன்வாய்ஸைப் படித்து ஆர்டரோடு பொருத்துவது, தேவையை ஊகிப்பது எல்லாம் இப்போதே நன்றாக வேலை செய்கிறது. 12 பெட்டியை 12 பேரிங் என்று பதிந்தால் அதையும் நம்பித்தான் ஊகிக்கும், வேறென்ன.

ஜிஆர்-ஐஆர் பாக்கிப் பட்டியலை வயதுவாரியாகப் பிரித்து அனுப்பு; 90 நாளுக்கு மேற்பட்டவை எத்தனை வரி என்று தெரிந்தால் தேதி சாத்தியமா என்று சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்