ஆர்த்துவா வழக்கையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போர் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ஆர்த்துவா குடும்பத்து மூன்றாம் ரோபேரைத் துரோகி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த மனிதர் எதற்காக இங்கிலாந்துக்கு ஓடினார் என்று சொல்லாமல் விட்டதுதான் மனதுக்குப் பொறுக்கவில்லை.

எல்லாம் சொத்துத் தகராறு, வட பிரான்சில் இருக்கும் ஆர்த்துவா சீமை யாருக்கு என்பதில். அவருடைய தாத்தா இரண்டாம் ரோபேர் 1302ல் கூர்த்ரே போரில் ஃபிளாண்டர்ஸ் ஊர்ப்படைகளிடம் தோற்று உயிரை விட்டார். மகன் பிலிப் அதற்கு முன்பே, 1298ல், போர்க்காயத்தால் இறந்துபோயிருந்தார். தாத்தாவின் மகள் மகோ இருந்தார், பிலிப்பின் பையன் ரோபேருக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அப்பா பங்கு பிள்ளைக்குத்தானே என்று நாம் நினைப்போம், ஆனால் ஆர்த்துவா வழக்கத்தில் அது கிடையாது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத்தான் உரிமை, அது பெண்ணாக இருந்தாலும். 1309லும் 1318லும் தீர்ப்பு அத்தை பக்கமே வந்தது.

இதற்கு நடுவில் 1316ல், இறந்துபோன பிரெஞ்சு அரசர் பத்தாம் லூயியின் மகளை ஒதுக்கிவிட்டு அவர் தம்பி ஐந்தாம் பிலிப் அரசரானார். இவர் யார்? மகோவின் மருமகன்! பெண்ணுக்கு அரியணை இல்லையாம், மாமியாருக்கு ஆர்த்துவா மட்டும் உண்டாம். ரோபேருக்கு வயிறு எரியாதா?

அவர் அப்புறம் செய்ததைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1329ல் மகோ இறந்த பிறகு, ஆர்த்துவா தனக்கே சேரும் என்று காட்ட அவர் நீட்டிய பத்திரங்கள் போலி. பழைய நிஜப் பத்திரங்களிலிருந்து மெழுகு முத்திரையைப் பெயர்த்தெடுத்துப் புது எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைச் செய்த ஜான் த திவியோன் என்ற பெண்ணை 1331ல் எரித்தே கொன்றார்கள். ரோபேருக்கு 1332ல் நாடுகடத்தல், சொத்தெல்லாம் பறிமுதல். அந்தத் தண்டனை கொடுத்த பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப் ரோபேரின் மைத்துனர்தான், 1328ல் பிலிப் அரியணை ஏறத் தோள்கொடுத்தவர்களில் ரோபேரும் ஒருவர்.

ரோபேருக்கு இடம் கொடுத்ததையும் குற்றமாகச் சொல்லித்தான் 1337ல் பிலிப், இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டிடமிருந்து, தென்மேற்கு பிரான்சில் அவர் வசம் இருந்த கியென் பகுதியைப் பறிப்பதாக அறிவித்தார், போர் மூண்டது. 1342ல் பிரான்சின் மேற்கே உள்ள பிரிட்டனியில் பட்ட காயத்தால் ரோபேர் இறந்தபோதும் ஆர்த்துவா மகோவின் வாரிசுகளிடமே இருந்தது.

தொடர் அடுத்த வாரமும் வருகிறது என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வழக்குக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்