சோஸ் கசந்தது எதனால்?

ஹட்டன்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல்லிவிடு. இங்கே மூன்று நாளாக மழை. அதைவிட்டால் புதுச் சேதி ஒன்றுமில்லை.

செம்மறித் தொடை பதமாக வெந்தும் சோஸ் கசந்தது, மேலே எண்ணெய் மிதந்தது என்று எழுதியிருந்தாய். கசப்பு சோஸ் சட்டியில் வந்ததில்லை, ஓவன் தட்டிலேயே வந்துவிட்டது. வடியும் சாறு வெறும் தட்டில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கரியாகிவிடும். பிறகு எவ்வளவு பட்டர் போட்டாலும் அந்தக் கசப்புப் போகாது.

அடுத்த முறை இப்படிச் செய்து பார். எலும்போடு 2 கிலோ தொடை என்றால், உறைந்த இறைச்சி இளக பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒன்றரை நாளாவது வேண்டும். முதல் நாள் இரவே 20 கிராம் உப்பும் மிளகுத்தூளும் தேய்த்து, கத்திமுனையால் குத்திய இடங்களில் பூண்டுச் சீவலும் ரோஸ்மேரியும் செருகி, மூடாமல் பிரிட்ஜில் வை. மேல்தோல் காய்ந்தால்தான் நன்றாகச் சிவக்கும். தட்டில் இரண்டு வெங்காயம், இரண்டு கரட், ஒரு லீக்ஸின் வெள்ளைப் பகுதி, எல்லாம் தடித்த துண்டுகளாக; கூடவே 200 மில்லி தண்ணீர். லீக்ஸின் பச்சை இலை வேண்டாம், அதுதான் முதலில் கருகும். அதன்மேல் தொடையை வைத்து 220 பாகையில் 25 நிமிடம், பிறகு 170-க்கு இறக்கி ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அரை மணிக்கொரு முறை தட்டைப் பார். வற்றியிருந்தால் அரைக் கப் சுடுதண்ணீர் ஊற்று. கண்ணாடித் தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும்.

மணிக்கணக்கை ரொம்ப நம்பாதே. தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்திப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டுமானால் 58 பாகையில் எடு. சிவப்பே ஆகாது என்பவர்களுக்கு 68. வெளியே எடுத்த பிறகும் நாலைந்து பாகை ஏறும். அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டு 20 நிமிடம் விடு. இறுக்கி மூடினால் மொறுமொறுப்பு நமுத்துப்போகும்.

எண்ணெய் மிதந்ததற்கு எலும்புச் சாறுதான் காரணம். அதை முதல் நாளே வைத்துவிட வேண்டும். ஒரு கிலோ எலும்பை (வெள்ளாட்டு எலும்பும் போதும்) 200 பாகையில் முக்கால் மணி நேரம் வறுத்து, இரண்டரை லீட்டர் தண்ணீரில் நாலு மணி நேரம் மெல்லக் காய்ச்சு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் உனக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும். அவசரப்பட்டுத் தளதளவெனக் கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும், பிறகு பிரியாது. வடித்து ஆறவிட்டு இரவு பிரிட்ஜில் வைத்தால், காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக மேலே உறைந்திருக்கும். அப்படியே தூக்கிப் போடலாம். அடியில் சாறு ஜெலி மாதிரித் தளும்பினால் பதம் சரி.

இனி சோஸ். தட்டில் உள்ள திரவத்தைக் குவளையில் சாய்த்து, மேலே தெளியும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் தட்டிலுள்ள காய்களோடு திரும்ப விடு. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா தூவி, சிறு தீயில் பிஸ்கட் நிறம் வரக் கிளறு. 150 மில்லி சிவப்பு வைன் ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டு. வைன் வேண்டாமென்றால் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரியும் 100 மில்லி தண்ணீரும். குவளையின் அடியில் நின்ற சாற்றையும் 700 மில்லி சூடான எலும்புச் சாற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாதியாகச் சுண்டவிடு. முதலில் சின்னக் குமிழிகள் படபடக்கும். பதம் நெருங்கும்போது குமிழி பெரிதாகிப் பளபளக்கும், சத்தமும் கனத்துவிடும். காய்களை அழுத்தி வடிகட்டு. வெள்ளைக்காரர்கள் போடும் ரெட்கரண்ட் (புளிப்பான சின்னச் சிவப்புப் பழம்) ஜெலிக்குப் பதில் ஒரு தேக்கரண்டி கொய்யா ஜெலி போதும். உப்பு இப்போதுதான், சுண்டுவதற்கு முன் போட்டால் கரித்துவிடும். இறைச்சி ஆறும்போது கசிந்த சாற்றைச் சேர்த்து, அடுப்பை அணைத்து, குளிர்ந்த பட்டர் 30 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக் கலக்கு. அதன் பிறகு கொதிக்க வைத்தால் திரிந்துவிடும்.

உன் வீட்டுக்காரி கறித்தூள் போடலாமா என்று கேட்டாராமே. என்னைக் கேட்டால் வேண்டாம். சோஸில் மணல்போல் நாக்கில் படும். ஒரு துண்டு கறுவாவைச் சுண்டும்போது போட்டு எடுத்துவிடலாம்.

டவுனில் மட்டன் என்று தருவது பெரும்பாலும் வெள்ளாடு, கொழுப்பு குறைவு. அதற்கு இந்தக் கணக்குச் சரிவராது, நார் நாராகிவிடும். நெய் தடவி, 300 மில்லி எலும்புச் சாறு விட்டு, இறுக்கி மூடி 160 பாகையில் மூன்று மணி நேரம். கடைசி 20 நிமிடம் திறந்து 220.

சாப்பாட்டுக் கோப்பைகளைச் சுடுதண்ணீரில் போட்டுத் துடைத்துவிட்டுப் பரிமாறு. செம்மறிக் கொழுப்பு சீக்கிரம் உறையும். உங்கள் ஊர்க் குளிரில் இரண்டாவது வாய்க்குள் மெழுகாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தைப்பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்தால் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
பாலா