பெல் இல்லாத சைக்கிள்

அன்புள்ள கண்ணா,

"இந்த வயதில் சைக்கிள் எதற்கு அம்மா, விழுந்தால் யார் பார்ப்பது?" என்று தொலைபேசியில் கத்தினாயே, அதற்கு அப்போது பதில் சொல்லவில்லை. தஞ்சாவூரில் உன் தாத்தாவும் "இந்த வயதில்" என்றுதான் ஆரம்பித்தார். அப்போது எனக்கு 14. இப்போது 59. எந்த வயதில்தான் ஏறுவது, நீயே சொல்.

கல்லணைக் கால்வாய் என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது புது ஆறு. அதன் கரையில் உன் மாமா ஓட்ட, நான் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். பிறகு 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் போன படத்தை, பெங்களூர் அல்சூர் வீட்டில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். போன வருடம்தான் கப்பன் பூங்காவில், கார் விடாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். முழங்கையில் இரண்டு தழும்பு. உனக்குச் சொல்லவில்லை.

போன வாரம் நாங்கள் மூன்று பேர் காலை ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய், வாடகை சைக்கிள் எடுத்தோம். என்னுடையதில் பிரேக் இருந்தது, பெல் இல்லை. அங்கே பங்காரதொட்டி என்று ஒரு பழைய வாய்க்கால், 17-ஆம் நூற்றாண்டு மைசூர் உடையார்கள் காலத்தது. காவிரியின் ஒரு கிளைக்கு மேலே கல் பாலம் கட்டி அதை ஊர் இருக்கும் தீவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கீழே ஆறு, அதன் தலைக்கு மேல் வாய்க்கால்! கால் மணி நேரம் வாயைப் பிளந்து நின்றேன்.

வாய்க்கால் கரையில் ஓட்டுவதில் ஒரு சௌகரியம். தண்ணீர் மேடு ஏறாது என்பதால் வாய்க்காலை நிலத்தின் மட்டம் பார்த்து வளைத்து வளைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். கூடவே போகிறவளுக்கும் ஏற்றம் கிடையாது, என் முழங்காலுக்கு அது போதும். ஒரு தென்னம்பாளை மிதந்து வந்தது. நான் அதைத் தாண்டுவேன். தண்ணீர் குடிக்க நின்றால் அது என்னைத் தாண்டிவிடும். ஒரு மதகு வரை இப்படியே போனோம். மதகில் அது மாட்டிக்கொண்டது, ஜெயித்தது நான்.

ஒரு வளைவில் எருமைகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பெல் இல்லையே! "தாரி பிடி, தாரி பிடி" என்று கத்தினேன். கன்னடத்தில் "தாரி" என்றால் வழி, "பிடி" என்றால் விடு என்று 35 வருடமாகத் தெரியும், ஆனாலும் சொல்லும்போதெல்லாம் கை தானாக எதையாவது பிடிக்கப் போகிறது. அந்தத் தடுமாற்றத்தில் செயின் கழன்றது. பக்கத்துக் கரும்பாலையில் இருந்து ஒருவர் வந்து, ஒரு குச்சியால் செயினை நெம்பி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார், ஏறிக்கொண்டது. கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கைதான் விறகு. தேக்கிலையில் சூடாக வெல்லம் வைத்துத் தந்தார். கையெல்லாம் செயின் மசி, அதோடேயே தின்றேன். மசி இன்னும் நகத்தில் இருக்கிறது.

மதியம் ரங்கனதிட்டு. பறவை ஆய்வாளர் சாலிம் அலி சொல்லி 1940-இல் பறவைச் சரணாலயமான இடம். நாரை நிறைய, கூட்டமும் நிறைய, அதனால் சீக்கிரம் திரும்பிவிட்டோம். வழியில் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தண்ணீர் மேட்டூர் போய், கல்லணை போய், புது ஆற்றிலும் கொஞ்சம் நுழையும், அதற்குள் இரண்டு மாநிலமும் சண்டை போடாமல் இருந்தால். உன் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், கரையில் நின்று பார்க்கட்டும்.

நீ நெதர்லாந்தில், உட்ரெக்டில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஆற்றோரம் ஓட்டுகிற படங்களை நான் ஒன்றும் சொல்லாமல்தானே பார்க்கிறேன். டிசம்பரில் வரும்போது சாக்லேட் வேண்டாம். அங்கே நல்ல கனமான பெல் கிடைக்குமாம், எருமைக்குக் கேட்கிற மாதிரி ஒன்று வாங்கி வா. சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா