பத்து நிமிட அமைதியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரசைவாக்கத்தில் 1986 முதல் 2002 வரை கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி தன் போனில் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தைப் போட்டாள். செல்லோவும் தாழ்ந்த குரலுமாகப் பன்னிரண்டாவது பாட்டு அடங்கியது. அடுத்த நொடியே கிடார் இரைச்சல் பாய்ந்து வந்தது. "இது இப்படி வராதும்மா, நடுவுல பத்து நிமிஷம் ஒண்ணுமே இருக்காது" என்றேன். அவள் திரையைக் காட்டினாள். பெயரும் நேரமும் போட்டுப் பதின்மூன்றாவதாக வரிசையில் நிற்கிறது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1993-ல் ஒரு கல்லூரி மாணவர் அந்த சி.டி.யைக் கொண்டுவந்து பதிவு கேட்டார். அறுபது நிமிட கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு இந்தப் பக்கம், ஆறு பாட்டு அந்தப் பக்கம். இரண்டாம் பக்கத்தில் பத்து நிமிட டேப் மிஞ்சியது. வெறும் டேப்பாகக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வேறு இரண்டு பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டேன். மறுநாளே வந்துவிட்டார். "அண்ணே, கடைசிப் பாட்டை விட்டுட்டீங்க." உறையில் பன்னிரண்டுதானே இருக்கிறது என்றேன். "நிறுத்தாம ஓட விடுங்கண்ணே" என்றார்.

ஓட விட்டேன். பாட்டு முடிந்தும் பிளேயரில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பதிவு செய்கிற டெக்கில் சத்த அளவைக் காட்டும் ஊசி அசையவில்லை. வெளியே பஸ் சத்தம், பக்கத்துக் கடை ஷட்டர் சத்தம், அப்புறம் எங்கள் ஃபேன் சத்தம்கூடக் கேட்டது. பத்து நிமிடம் கழித்து ஊசி ஒரே தாவாகச் சிவப்புக்குப் போனது. குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பதிவின் நடுவிலேயே தன் கிடாரை உடைத்த பாட்டு அது. அன்றைக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டேன். தொண்ணூறு நிமிட கேசட்டில் மறுபடி பதிந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

ஏதோ கைதவறி விழுந்த இடைவெளி இல்லை அது. 1991-ல் முதலில் வந்த பிரதிகளில் தவறுதலாக அந்தப் பாட்டு விடுபட்டுப் போக, கோபேனே கேட்டுப் பிந்தைய பிரதிகளில் சேர்க்க வைத்தார். சி.டி.யில் 74 நிமிடம் பிடிக்கும், பட்டியலில் உள்ள பாட்டுகளோ 42 நிமிடம்தான். மிச்ச இடத்தில் ஒளித்து வைத்தார்கள். அதற்கு முன்பே, 1969-ல் பீட்டில்ஸின் 'அபே ரோடு' இசைத்தட்டில், எல்லாம் முடிந்து சில நொடி அமைதிக்குப் பிறகு உறையில் பெயர் போடாத 23 நொடிப் பாட்டு ஒன்று வந்தது.

பழைய பதிவுகளை இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சத்தம் இல்லாத இடத்தைப் பிசிறு என்று நினைத்து வெட்டாதீர்கள். கச்சேரிப் பதிவுகளிலும் இதைப் பார்க்கிறேன். தம்புராவோடு சுருதி சேர்க்கிற நேரத்தை எடுத்துவிட்டு நேராகப் பாட்டிலேயே தொடங்குகிறார்கள். பாடகர் தொண்டையைக் கனைத்துக்கொள்வதைக்கூடக் கேட்க ஆசைப்படுகிற என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

பேத்திக்கு அந்த சி.டி.யையே போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பிளேயரின் தட்டு வெளியே வரவில்லை. பெல்ட் மாற்ற ரிச்சி தெருவில் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பதிவுக் கடைக்காரர்,
புரசைவாக்கம், சென்னை