கதிரின் சர்வீஸ் பற்றி

நாகர்கோவில்

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை.

நேற்று போனில் கதிர் அழுததைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. சர்வீஸில் வேகம் இல்லை, இவனுக்கு டென்னிஸ் ஒத்துவராது என்று கோச் சொல்லிவிட்டாராம். பதினோரு வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1937இல் நம்ம நாகர்கோவிலில் பிறந்தவர். ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா டி.கே. ராமநாதன். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1960, 1961 இரண்டு வருஷமும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் மறு தடவை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கியதும் அவர்களேதான்.

இத்தனைக்கும் கிருஷ்ணனின் சர்வீஸ் மெதுவானது, மக்களே! அந்த சர்வீஸை வைத்துக்கொண்டுதான் 1961 காலிறுதியில் ராய் எமர்சனை ஒரு செட்கூட விடாமல் ஜெயித்தார். எதிராளி ஓங்கி அடித்து அனுப்பும் வேகத்தை அப்படியே வாங்கி, ஆள் இல்லாத இடம் பார்த்துப் பந்தைத் தள்ளிவிடுகிற கை அவருக்கு.

1966 டிசம்பரில் எனக்குப் பன்னிரண்டு வயசு. கல்கத்தாவில் நாட்டுக்கு நாடு மோதும் டேவிஸ் கோப்பை, இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து 2-2. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும். உன் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்தார்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. 6-6 ஆனதும் ஒரே கேமில் செட்டை முடிக்கிற டைபிரேக் வராத காலம், அதனால்தான் 10-12 வரை இழுத்திருக்கிறது. அந்த நாலாவது செட்டில் கிருஷ்ணன் 2-5 என்று பின்தங்கியிருந்தார். இன்னும் ஒரே கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம் எடுத்தார். தாத்தா அந்த இடத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது அவர் குரல் கம்மியது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் மெல்போர்னில் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். எனக்கு அது பெரிதாகவே படவில்லை.

அவர் மகன் ரமேஷுக்கும் சர்வீஸ் மெதுவானதுதான். அவரும் 1979இல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். 1989இல் ஆஸ்திரேலியாவில் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தபோது, விலாண்டர்தான் உலகத்தில் முதலிடம்.

கதிர் இவர்களைப் போல வருவான் என்று சொல்லவில்லை. போன லீவில் அவன் ஆடியதை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். அவனைவிட ஒரு சாண் உயரமான பையன் ஓங்கி அடித்தான். இவன் பதறாமல், பந்து எழும்பும்போதே தொட்டு ஓரத்தில் போட்டான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தோள் வளர்ந்தால் வேகம் வரும், வராமலும் போகட்டும். அவனை நிறுத்திவிடாதே. தேவையென்றால் கோச்சை மாற்று, பணத்துக்கு நான் இருக்கிறேன்.

மே மாசம் அனுப்பி வை. பின்பக்கத்து மதிலுக்கு வெள்ளையடித்து, வலை உயரத்துக்கு மூன்றடியில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா