குழந்தைத் துணி பரிமாற்றம்: ஞாயிறு காலை 10 மணி, மொட்டை மாடி

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சீருடை, ஷூ, சைக்கிள், கதைப் புத்தகம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். வேண்டியதை எடுத்துப் போங்கள். காசு கிடையாது. துவைத்து, பொத்தான் தைத்துத் தந்தால் புண்ணியம். போன முறை ஒரு டவுசர் பையில் பாதி முறுக்கு, எறும்போடு!

பழைய பருத்தி வேட்டி இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். கைக்குழந்தைக்கு அதைவிட நல்ல லங்கோடு இல்லை. புதுசு சரிவராது, பலமுறை துவைத்ததுதான் ஈரத்தை நன்றாக இழுக்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் மட்டும் வேண்டாம், உறிஞ்சாது. நல்ல வெயிலில் காய்ந்தால் போதும்.

அப்புறம், டீ உண்டு. பிளாஸ்டிக் கப்புக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை, தெரியும்தானே? ஆளுக்கொரு டம்ளரும் மஞ்சப்பையும் எடுத்து வந்துவிடுங்கள். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே சொல்லுங்கள், பால் வாங்க வேண்டும்.