மல்லிகாவுக்கு: கீர்த்தனா மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கலாமா?

கும்பகோணம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். தம்பியின் குறுவை நெல் மட்டும் இன்னும் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். விடாமல் பெய்யும் இந்த மழையில் அவன் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பான்?

உன் மகள் கீர்த்தனாவை, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுதும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சியில் சேர்க்கலாமா, ஆறு மாதத்துக்குக் கேட்கும் பணம் நியாயமா, வேலை நிச்சயமா என்று கேட்டிருந்தாய். கல்லூரியை முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள் நான். என் பிள்ளைகள் இதில்தான் படித்தார்கள், இந்த வீட்டின் மாடியும் இதில்தான் எழும்பியது. அதனால் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. ஆனால் நாம் இருபத்திரண்டு வயதில் பார்த்த அந்த வேலை இப்போது இல்லை. அந்தப் பழைய வேலைக்குத்தான் பல இடங்களில் இன்னும் பணம் வாங்கிப் பயிற்சி தருகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதையும் செய்ததையும் பேசிப் பதிவு செய்வார். அங்கே கிழக்குக் கரையில் மாலை ஆறு மணி என்றால் நமக்கு விடியற்காலை மூன்றரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் நாலரை ஆகிவிடும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். பெடலை அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. கைதேர்ந்தவர்களுக்கே ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

இப்போது அந்த அடிக்கும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரமே செய்துவிடுகிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் பேர்பெற்ற நுவான்ஸ் நிறுவனத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு, தானே குறிப்பு எழுதித் தரும் அளவுக்கு இன்று வந்திருக்கிறது. எங்களிடம் வருவது அது எழுதிய வரைவு. ஒலியைக் கேட்டபடி அதைச் சரிபார்ப்பதுதான் என் இன்றைய வேலை. டைப்பிங் வேகம் இருந்தால் போதும் என்று கீர்த்தனாவிடம் யாராவது சொன்னால் அந்தப் படியை மிதிக்க வேண்டாம்.

போன வாரம் ஒரு கோப்பு. இதய நோயாளி, மெட்டோப்ரோலால் மாத்திரை. வரைவில் 15 மில்லிகிராம் என்று இருந்தது. குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா என்று பிடிபடவில்லை. டாக்டர் கடைசி அசையை விழுங்கிவிட்டார். அந்த மருந்தில் 25, 50, 100 என்றெல்லாம் மாத்திரை உண்டு, 15 கிடையாது. இது தெரிந்தவளுக்குத்தான் அந்த இடத்தில் கை நிற்கும். நின்றால் மட்டும் போதாது. ஐம்பதாகத்தான் இருக்கும் என்று நாமே திருத்திவிடக் கூடாது. இடத்தை வெற்றாக விட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நான் பழக்கிய பெண்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: தெரியாத இடத்தை நிரப்பாதே. வெற்றிடம் விட்டதற்காக யாரும் செத்ததில்லை.

இந்த மாதிரி இடங்களுக்குக் கணக்கே இல்லை. ‘நெஞ்சு வலி இல்லை’ என்று டாக்டர் சொன்னதில் அந்த ‘இல்லை’ மட்டும் வரைவில் விழுந்துபோகும். மீதி வாக்கியம் அழகாக இருக்கும், அதனாலேயே கண் ஏமாறும். சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இலியம் என்று பெயர், இடுப்பெலும்புக்கும் இலியம் என்று பெயர். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் மாறும். விழுங்கச் சிரமம் டிஸ்ஃபேஜியா, பேசச் சிரமம் டிஸ்ஃபேசியா. எது என்பதை முன்னும் பின்னும் உள்ள மருத்துவம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். கீர்த்தனா விலங்கியல் படித்தவள். உடற்கூறு அவளுக்குப் புதிதில்லை, அது பெரிய மூலதனம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பயிற்சி மையத்துக்கு நீயே போ. உண்மையான டாக்டர்களின் பதிவுகள் எத்தனை மணி நேரம் கேட்க வைப்பார்கள் என்று கேள். அமெரிக்க டாக்டர்களில் நம் ஊர்க்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், அரபு நாட்டுக்காரர்கள் எல்லாரும் உண்டு. ஒரே உச்சரிப்பைக் கேட்டுப் பழகியவள் வேலையில் முதல் நாளே திணறுவாள். எழுதியதைத் திருத்தித் தருவது யார், அவர் இந்தத் தொழிலில் இருந்தவரா? போன தடவை படித்த பெண்களில் இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பார். தயங்கினார்கள் என்றால் எழுந்து வந்துவிடு. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று சொல்லி, அவள் அப்பா வட்டிக்கு வாங்கிய பணத்தை ஒரு மையம் கறந்தது. மாதக்கணக்கில் அதே சில ஒலிக்கோப்புகளைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்க வைத்தார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு சான்றிதழ். அதை எந்த நிறுவனமும் மதிக்கவில்லை. அந்த அப்பாவின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மெடிக்கல் கோடிங்கையும் கீர்த்தனா யோசிக்கட்டும். நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலை. காப்பீட்டுப் பணம் அதை வைத்துத்தான் வரும். 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐசிடி-10 என்ற புதிய குறியீட்டு முறைக்கு மாறியபோது, பதினாலாயிரம் அளவில் இருந்த நோய்க் குறியீடுகள் எழுபதாயிரத்தை நெருங்கின. கோடிங் வேலைக்கு சிபிசி என்று ஒரு தேர்வு உண்டு. நூறு கேள்வி, நான்கு மணி நேரம். சம்பளம் அதில் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் காது கூர்மையாக இருக்கும் பிள்ளைக்கு முதலில் ஒலியில் பழகிவிட்டு அங்கே போவது நல்லது என்பது என் எண்ணம். நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டுப் பழகியவளுக்குக் குறியீடு சீக்கிரம் வசப்படும்.

வீட்டிலிருந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் ஓரிரு வருடம் அலுவலகத்தில் இருக்கட்டும், சென்னையோ திருச்சியோ. பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டும். பிறகு வீட்டுக்கு வரலாம். வந்தால் தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்று அமெரிக்காவில் 1996-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். திரையை நீகூட எட்டிப் பார்க்கக் கூடாது, மல்லிகா. அத்தை, சித்தி என்று ஆள் வந்துபோகும் நம் வீடுகளில் இதைப் புரியவைக்கவே எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அடுத்தது மின்சாரம். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தீர்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோப்பை முடித்து அனுப்பக் கெடு இருபத்து நான்கு மணி நேரம், அவசரக் கோப்பு என்றால் அதைவிட மிகக் குறைவு. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்களோடு வேலை பார்த்த பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் உறவினர் வீட்டுக்குப் போய் எழுதி அனுப்பினார்கள். இன்வெர்ட்டரும் இரண்டு இணைய இணைப்பும் இல்லாமல் வீட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது.

இவ்வளவு சொன்னாலும் அவள் வர வேண்டும் என்றுதான் என் ஆசை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, விவசாயத்தைக் கெடுக்கும் சில தொழில்களுக்குத் தடை போட்டார்கள். நிலத்துக்கு அது வேண்டியதுதான், நான் மனதார வரவேற்றேன். ஆனால் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்த மண்ணைவிட்டுப் போகாமல் செய்ய என்ன இருக்கிறது? இந்த வேலை ஒன்று இருக்கிறது. என் கையில் பணம் இருந்ததால்தான் என் சொல்லுக்கு இந்த வீட்டில் இடம் கிடைத்தது. கீர்த்தனாவுக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பி வை. நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக வரும் காலை பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். வேலைக் கோப்புகளைக் காட்ட எனக்கு அனுமதி இல்லை. பயிற்சிக்கென்றே உள்ள பதிவுகள் வைத்திருக்கிறேன், மதியம் வரை கேட்டு எழுதட்டும். அவள் எந்த இடத்தில் நிறுத்துகிறாள், எந்த இடத்தில் யோசிக்காமல் தாண்டுகிறாள் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அதுவரை அந்த மையத்தில் முன்பணம் எதுவும் கட்டிவிடாதே.

அம்மாவிடம் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
செல்வி